உட்கருவை வட்டமாக்கச் சொன்னவர்

எங்கள் கொங்குநாட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தால் பாவம். எவ்வளவு கொதித்தாலும் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேட்பவருக்கு, விருந்துக்கு அழைக்கிறோமோ என்று தோன்றும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் எம்.சி.ஏ. இறுதியாண்டு படித்தேன். நுண்ணோக்கிப் படங்களிலிருந்து செல்லின் உட்கரு என்ன வடிவம் என்று கம்ப்யூட்டரே வரைந்து காட்ட வேண்டும். அதுதான் என் புராஜெக்ட். நல்ல செல்லில் உட்கரு ஓரளவு உருண்டையாக இருக்கும். புற்றுநோய் செல்லில் பெரும்பாலும் கசங்கி, மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தக் கோணலைப் பிடிக்க மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் (சோடாபுட்டிக் கண்ணாடி அப்போது வந்ததுதான்).

பிடித்தும்விட்டேன். எனக்குக் கைடாக இருந்த வாத்தியார் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னம்மா, கடிச்சுப்போட்ட முறுக்காட்ட இருக்குது. எல்லாத்தையும் வட்டமாக்கிப்போடு. பாக்க லட்சணமா இருக்கும்.”

“சார், இதுல விசயமே அந்தக் கோணல்தானுங்க.”

“மார்க் போடறது நானா, நீயா?”

பல்லைக் கடித்துக்கொண்டு வட்டமாக்கினேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். புற்றுநோய் செல்களைப் பார்ப்பதே அவர் தொழில். திரையை வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, உன் கணக்குப்படி இவங்க யாருக்குமே நோயில்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கைடு முந்திக்கொண்டார். “வட்டமாக்காதேன்னு நான் அப்பவே சொன்னனுங்க மேடம். இந்தப் புள்ள கேக்கல.”

எழுந்து நின்றேன்.

“ஏனுங்க சார், கூசாமப் பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லீங்களா? இங்க நெசமா வட்டமா இருக்கறது உங்க தலை ஒண்ணுதானுங்க. அதுக்குள்ளயும் ஒண்ணுமில்லீங்க.”

டாக்டர் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, பழைய புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொன்னார். பிளாப்பியைப் போட்டேன். கம்ப்யூட்டர் கர்கரென்று கனைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. இருந்த ஆத்திரத்தில் அதன் மண்டையில் ஓர் அறை விட்டேன். ஓடிக்கொண்டிருந்ததும் அணைந்துபோனது.

ஃபெயில். அடுத்த செமஸ்டரில் அதே டாக்டர் முன்னால் கோணலைக் கோணலாகவே காட்டித்தான் பாஸ் ஆனேன்.

ஃபெயிலான அன்று வராந்தாவில் காத்திருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தாராபுரம் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். பல்லடம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: “அம்மணி, அந்த வாத்தியார் தலை வட்டமில்ல சாமி. நான் நல்லாப் பாத்தேன். பலாக்கொட்டையாட்ட இருக்குது.”

பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதைச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இன்றும் நான் குரலை உயர்த்தினால், அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று தன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். வீடே சிரிக்கும்.

எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.