டொக்டர் வேஷத்தில் நான் செய்த கொலை

பலெர்மோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க பேனாட் மச்சானுக்கு,

மடு மாதாவின் தயவால் நானும் உங்கள் தங்கை விமலராணியும் சுகம். உங்கள் முழங்கால் நோவுக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டோம். நிற்க.

நான் இத்தாலி ரீவி நாடகமொன்றில் டொக்டராக நடிக்கப்போகிறேன், அடுத்த மாதம் ஒளிபரப்பாகும்போது பேசாலை ஊர்ச் சனத்தையெல்லாம் கூட்டிவைத்துக் காட்டுங்கள் என்று போனில் துள்ளிக் குதித்தேன் அல்லவா? தயவுசெய்து காட்ட வேண்டாம். கரண்ட் இல்லை என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் கடிதம்.

நான் இங்கே கால்சா என்ற பகுதியில் ஒரு பழைய மாளிகையைத் துடைத்துப் பராமரிப்பது உங்களுக்குத் தெரியும். அதன் மண்டபத்தில்தான் ஒன்பது வருடமாக அந்த நாடகத்தைப் படம் பிடிக்கிறார்கள். முதல் வருடம் மூன்று லொறிகளில் சாமான் வந்தது. மேசைப் பூக்களைத் தினமும் மாற்றினார்கள். ஒருத்தி கோப்பியை உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் பார்க்கும் காட்சியைப் பதினொரு தரம் எடுத்தார்கள். பதினொரு கோப்பியும் நான்தான் போட்டேன். மழைக்குத் தீயணைக்கும் வண்டி வந்தது, கடலுக்கு எல்லாரும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் போய் உண்மையான படகில் ஏறினார்கள். நாலாம் வருடம் பூக்கள் பிளாஸ்ரிக் ஆயின, அவற்றுக்குத் தூசு தட்டுவதும் என் தலையில் விழுந்தது. ஆறாம் வருடம் கடல் ஒரு திரைச்சீலை ஆயிற்று, மழை என்பது நான் மேல்மாடத்தில் நின்று பூவாளியால் ஊற்றுவது. இப்போது அதே மண்டபம் காலையில் நீதிமன்றம், மத்தியானம் கன்னியர் மடம், பின்னேரம் ஆஸ்பத்திரி. அண்மையில் நீதிபதி மேசையில் குத்த, பின்னால் நிறுத்தியிருந்த பலகைச் சுவர் அவர் மேல் சாய்ந்தது. அதையும் அப்படியே ஒளிபரப்பினார்கள்.

இத்தனைக்குள்ளும் மாறாதிருந்தவர் லொரெதானா ஒருவர்தான். நாடகத்தில் பெரிய வீட்டு எசமானி. முதலில் அவருக்கு முகப்பூச்சுப் போட இரண்டு பேர் இருந்தார்கள், பிறகு ஒருத்தி, கடைசியில் மாளிகைக் குசினிக் கண்ணாடி முன்னால் தன் உதட்டுச் சாயத்தைத் தானே பூசிக்கொண்டார். நான் உருளைக்கிழங்கு சீவுவேன், அவர் பூசுவார், இருவரும் ஊர்க்கதை கதைப்போம்.

போன வாரம் ஒருநாள், டொக்டராக நடிக்கிறவர் வரவில்லை. இயக்குநர் குசினிக்குள் தலையை நீட்டினார். (இத்தாலியனில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.)

"கிறிகோரி, உனக்கு டொக்டர் முகம். ஒரேயொரு வசனம். வாறியா?"

நோயாளி யாரென்று நான் கேட்கவில்லை, மச்சான். ஓமென்று சொன்ன ஐந்தாம் நிமிடம் உங்களுக்குப் போன் எடுத்துவிட்டேன். வெள்ளைக் கோட் என்று தந்தது முடிவெட்டுகிறவரின் கோட். கழுத்தில் மாட்டிய குழாய் ஊதா நிறம், யாரோ பிள்ளையின் விளையாட்டுச் சாமான்.

வசனத்தைப் பழக்கியவர் லொரெதானா. "செத்தது ஆம்பிளை எண்டால் மோர்த்தோ, பொம்பிளை எண்டால் மோர்த்தா. மாறிச் சொல்லிப்போடாதை."

"ஆர் சாகிறது, சிஞ்ஞோரா?"

"நான்தான்," என்று உதட்டை ஒற்றினார். "செலவைக் குறைக்கினம். செத்தவளுக்குச் சம்பளம் தேவையில்லைத்தானே."

அந்தக் கணமே கோட்டைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றே என்ற வெட்கத்தில் கழற்றவில்லை.

லொரெதானா கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். நாடி பிடித்தேன். என் கையைவிடப் பிரேதத்தின் கை சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விக்கி விக்கி, "மோர்த்தோ" என்றேன். பிரேதம் ஒரு கண்ணைத் திறந்து, "மோர்த்தா!" என்றது.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். திரும்ப எடுக்க நேரமில்லை. கட்டுங்கோ சாமானை."

லொரெதானா குசினிக்கு வந்து முகம் கழுவினார். ஒன்பது வருடம் குடித்த தன் கோப்பிக் கோப்பையைப் பேப்பரில் சுற்றி எடுத்தார். "நல்லாச் செய்தாய், கிறிகோரி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சொன்னதும் விமலராணி அகப்பையைக் கீழே வைத்தாள். "அந்த மனுசியோடை ஒரே குசினியிலை இருந்து கோப்பி குடிச்சுப்போட்டு, அவ செத்துப்போனா எண்டு சொல்ல எப்பிடியப்பா உங்களுக்கு வாய் வந்தது?" அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். முடியாது என்று ஒரு சொல் சொல்ல நான் எந்த இத்தாலியனும் படித்திருக்கத் தேவையில்லையே, மச்சான்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வள்ளம் எந்நாளும் நிறைந்து கரை சேர மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
நடிகனாக ஆசைப்பட்ட மூடன்,
கிறிகோரி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் இயக்குநர் போன் எடுத்தார். "உன்ரை அழுகையும் அவவின்ரை குரலும் ஒண்டாய்க் கிடக்குது, வெட்டேலாது. திரும்ப எடுக்க வசதியும் இல்லை. அதாலை அவ சாகேல்லை எண்டு கதையை மாத்திப்போட்டம்." லொரெதானா திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார்! உயிரோடிருப்பவரைச் செத்ததாகச் சொன்ன குற்றத்துக்கு டொக்டரைப் பொலிஸ் பிடிக்கிறதாம், எனக்கு இன்னும் இரண்டு அங்கத்தில் வேலை. ஆகவே மேலே எழுதியதை மறந்து சனத்தைக் கூட்டுங்கள். பொலிஸாக நடிக்கத்தான் ஆள் இல்லையாம். பக்கத்தில் நின்ற விமலராணி போனைப் பறித்து, தானே வருவதாகச் சொல்லிவிட்டாள். என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஒருவரும் பழக்கத் தேவையில்லையாம்.