ரிப்போர்ட் அண்ணாச்சியும் ரெண்டாம் பாகமும்

எங்கள் பக்கத்தில் சினிமா பார்க்கத் தெரிந்தவர் என்று நான் ஒரே ஒருவரைத்தான் ஒப்புக்கொள்வேன். அவர் தியேட்டரில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் ஓட்டிய வேனில் ஐந்து வருடம் போய்வந்திருக்கிறேன், அப்போதும் கேட்கத் தோன்றவில்லை. ஊருக்கே அவர் ரிப்போர்ட் அண்ணாச்சி. இரண்டாயிரங்களின் நடுவில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் வேலையில் இருந்தேன். தாயில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வருவது அண்ணாச்சியின் வேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஏறியதும் கண்ணாடி வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் எது, பேர் என்ன என்றெல்லாம் விசாரிக்கவில்லை.

"தம்பி, கடைசியா எந்தப் படத்துக்கு அழுதீக?"

"நான் படத்துக்கெல்லாம் அழுறதில்ல அண்ணாச்சி."

"பின்ன எதுக்குத் துட்டக் குடுத்து உள்ள போறீக?" என்றவர், அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

காலையில் எங்களை இறக்கிவிட்டால் சாயங்காலம்தான் அவருக்கு மறுபடி வேலை. மற்ற டிரைவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடுவார்கள், இல்லாவிட்டால் தூங்குவார்கள். அண்ணாச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் பகல் காட்சிக்குப் போய்விடுவார். புதுப்படம் எதுவானாலும் சரி. முன்வரிசையில் ஓர நாற்காலியில் முட்டி போட்டு, பின்பக்கம் திரும்பி, சாய்மானத்தில் தாடையை வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர் போன்ற முகத்தோடு கூட்டத்தையே பார்ப்பார். படத்தைக் காதால் கேட்பதோடு சரி.

"படம் எங்கயும் போயிராது தம்பி. நாளைக்கும் அதே படந்தான். சனம் இன்னைக்கு வந்தது நாளைக்கு வருமா?" என்பார்.

இதனால் வந்த வம்புகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை புது மாப்பிள்ளை ஒருவன், தன் மனைவியை இந்த ஆள் ஒரு மணி நேரமாக முறைக்கிறான் என்று அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டான். மேனேஜர் ஓடிவந்து, "கோவப்படாதீக. அவரு ஒங்க சம்சாரத்தப் பாக்கல, ஒங்க சம்சாரம் படம் பாக்குறதப் பாக்குறாரு" என்று விளக்கினார். அது மாப்பிள்ளைக்கு விளங்குவதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அண்ணாச்சி சட்டையைச் சரிசெய்துகொண்டு, "தங்கச்சி ரெண்டு எடத்துல கண்ணத் தொடச்சுச்சு. ரெண்டும் நல்ல எடம்" என்று அவனிடமே சொல்லிவிட்டு வந்தாராம்.

சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலம் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ரிப்போர்ட் சொல்வார். அதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை வேன் மொத்தமும் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவாகும். "திரி நீளமா இருக்கு, மருந்து இல்ல" என்றால் முதல் பாதி மட்டும் தேறும். "சரம்" என்றால் கட்டாயம் போக வேண்டும். "நமுத்த வெடி" என்றால் அந்தத் தியேட்டர் இருக்கும் தெருப்பக்கமே யாரும் போக மாட்டார்கள்.

அத்தோடு விடமாட்டார். ஆளுக்குத் தனியாகவும் ஒரு ரிப்போர்ட் உண்டு. பேக்கிங்கில் இருந்த மூக்கம்மாவுக்கு வாய் நீளம். அவளிடம், "ஏ மூக்கம்மா, ஒனக்கு இந்தப் படம் வேண்டாம். மாமியா கொடும வருது. வீட்ல பாக்குறது போதும்" என்பார். என்னிடம், "தம்பி, நீங்க போங்க. ரெண்டாவது பாதியில அழுகாட்டி வந்து என்னைக் கேளுங்க" என்பார். நான் போனேன். அழுதேன். கேட்கவில்லை.

அண்ணாச்சி சரம் என்று சொன்ன படங்களில் ஒன்று, ஒரு பேய்க் காமெடிப் படம். ஒரே வீடு, ஒரே வெள்ளைச் சேலை. பேயின் காலில் இருந்த ரப்பர் செருப்பு பல இடங்களில் தெரிந்தது. படத்தை எடுத்தவர்களிடம் அவ்வளவுதான் காசு இருந்திருக்கும். சமையல்காரியாக இருந்து செத்த பேய் அது. யாரைக் கண்டாலும் பின்னால் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்கும். கேட்டதும் அவன் அலறிக்கொண்டு ஓடுவான்.

வேன் மொத்தமும் அதற்குப் போயிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். தியேட்டரின் உள்ளே இருட்டைக் கண்டதும் அதே பழக்கத்தில் பெண்கள் அத்தனை பேரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவின் பித்தளைப் பிடியைத் தொட்டுவிட்டு நுழைந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர், ஏதோ சாமி படத்துக்கு வந்த கூட்டம் தப்பாக நுழைகிறது என்று தடுத்தேவிட்டார்.

அந்தப் படத்தை எங்களுக்குத் தினமும் மறுபடி காட்டியவன் கருப்பசாமி. எங்கள் கம்பெனியில் திரி வெட்டும் சீனியம்மாவின் புருஷன். பக்கத்துக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். எங்களுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்குவான். இறங்குவதற்கு முன் படியில் நின்று சீனியம்மாவைப் பார்த்துக் கண்ணை உருட்டி, பேய்க் குரலில் "சாப்பிட்டியா?" என்பான். வேன் அதிரும். சீனியம்மா வெட்கத்தில் தூக்குவாளியால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரம்" என்று சொல்லி வண்டியை எடுப்பார்.

ஒரு ஆடி மாதத்து மதியம் அந்தக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. நாலு பேர் போனார்கள். அதில் கருப்பசாமியும் ஒருவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சீனியம்மா வேலைக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார முடியுமா? வந்தாளே தவிர, வேனில் யாரோடும் பேசவில்லை. ஒரு வருடம் ஜன்னலோரமாக வந்தாள், ஜன்னலோரமாகப் போனாள். நாங்களும் அவள் இருக்கும்போது சத்தமாகச் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

அப்போதுதான் அந்தப் பேய்ப் படத்தின் ரெண்டாம் பாகத்துக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். பேய் அதேதான். திங்கட்கிழமை காலை வேன் கிளம்பியதும், ஒரு வருடமாகக் கேட்காத குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அந்தப் பேய்ப் படம் ரெண்டாவது வருதாம்ல. பாப்பா பாக்கணுங்குறா. பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க நல்லாருக்குன்னா நானும் போறேன்."

மூக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் நல்லபடியாக அமைய வேண்டுமே என்று அந்த வாரம் நான்கூட வேண்டிக்கொண்டேன். ஒரு பேய்ப் படத்துக்காகச் சாமி கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி திரும்பி உட்கார்ந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. வேனின் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நமுத்த வெடி. யாரும் போகாதீக."

"ஒரு எடங்கூடவா நல்லால்ல?" என்றாள் மூக்கம்மா.

"ஒரு எடமும் இல்ல. ஒருத்தரும் போக வேண்டாம்."

ஆளுக்குத் தனி ரிப்போர்ட் சொல்லாமல் வண்டியை எடுத்தார். அப்படி அவர் எடுத்ததே இல்லை. சீனியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டீக்கடையில் நின்றபோது பிரஸ் வேலைக்குப் போகும் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் ரெண்டு தடவை பார்த்தாராம். முதல் பாகம் இதுக்கு உறைபோடக் காணாதாம். வேன் கொதித்துப்போனது.

"கூட்டத்தப் பாத்து ரிப்போர்ட்டு சொல்லுவீகளே, அன்னைக்குத் தூங்கிட்டீகளா?" என்று மூக்கம்மா ஆரம்பித்தாள். "ஒரு வருசங்கழிச்சு அந்தப் பிள்ள வாயத் தொறந்து கேட்டுச்சு. அதக் கெடுத்துப்புட்டீகளே. ஒங்களுக்கு வயசாயிருச்சு அண்ணாச்சி. வண்டிய மட்டும் ஓட்டுங்க."

அண்ணாச்சி கியரை மாற்றினார். நானும் என் பங்குக்கு, "மீட்டர் ரிப்பேரா அண்ணாச்சி?" என்று கேட்டுத் தொலைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை லோடு விஷயமாக விருதுநகர் போனவன், வேலை முடிந்ததும் அந்தப் படத்துக்குள் நுழைந்தேன். நன்றாகத்தான் இருந்தது. முன்பு நடித்த கதாநாயகன் இந்தப் பாகத்துக்கு வரவில்லை போலும், முதல் காட்சியிலேயே அவர் போட்டோவுக்கு மாலை போட்டு முடித்துவிட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு, காமெடியன் பேய்க்குப் பயந்து ஒரு பட்டாசு அறைக்குள் ஒளிகிறான். காலில் செருப்பு. ஒரே இருட்டு. தீக்குச்சியைக் கிழிக்கிறான். பின்னால் பேய் வந்து நிற்கிறது. "சாப்பிட்டியா?"

திரை முழுக்க வெடித்தது. அடுத்த காட்சியில் அவன் கரிந்த சட்டையோடு, குத்திட்டு நின்ற முடியோடு, வாயில் புகை வர, "சாப்பிட்டேன்" என்றான்.

தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். எப்போது கழற்றினேனோ தெரியாது, என் செருப்பு இரண்டும் நாற்காலிக்கு அடியில் கிடந்தன. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்தேன்.

"படம் பாத்துட்டேன் அண்ணாச்சி. சீனியம்மாகிட்ட மட்டும் போகாதன்னு சொல்லியிருக்கலாம்லா? எதுக்கு எல்லார்கிட்டயும் கெட்ட பேரு?"

"ஏன்னு கேட்டா என்ன சொல்ல? அதச் சொல்றதுக்கு அந்தப் பிள்ளைய படத்துக்கே அனுப்பிறலாம்" என்றார். "மத்தவுகள மட்டும் போகச் சொன்னா, ஒரு வாரம் வேன்ல அதத்தான் பேசுவீக. சாப்பிட்டியா, சாப்பிட்டேன்னு ஒருத்தருக்கொருத்தர் நடிச்சுக் காட்டிச் சிரிப்பீக. ஓடுற வண்டியில அந்தப் பிள்ள எங்கன எந்திரிச்சுப் போவா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குத் தியேட்டர்ல எல்லா மூஞ்சியும் சிரிச்சுச்சு தம்பி. அப்பிடி என்னத்தச் சிரிக்காகன்னு மொத தடவையா திரையத் திரும்பிப் பாத்தேன். பாத்துருக்கக் கூடாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யார்ட்டயும் மூச்சு விடாதீக. எம் ரிப்போர்ட்டு போனாப் போகுது."

அந்தச் சனிக்கிழமை யாரும் ரிப்போர்ட் கேட்கவில்லை. அண்ணாச்சியும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அவர் படத்துக்குப் போனாரா என்றுகூட எவரும் விசாரிக்கவில்லை. அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"வண்டிய நிப்பாட்டுங்க அண்ணாச்சி."

சீனியம்மா ஜன்னலோரத்தில் இருந்து எழுந்து நின்றிருந்தாள்.

"பாப்பாட்ட பள்ளிக்கூடத்துல கதையச் சொல்லிட்டாளுக. அவ எங்கிட்டச் சொல்லிட்டு அழுதா." எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இவுகள்லாம் ஒங்களப் பேசுனாகள்ல. நீங்க சொன்னதுதான் சரி. அது நல்ல படம் இல்ல. நம்ம வேனுக்கு அது நல்ல படம் இல்ல."

உட்கார்ந்துவிட்டாள். கதை தெரியாதவர்கள் விழித்தார்கள். பக்கத்தில் இருந்த மூக்கம்மாவின் காதில் நான் இரண்டே வரியில் சொன்னேன். அவ்வளவு நீள வாய்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முன்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்த வாரம் ரிப்போர்ட்டு என்ன?"

அண்ணாச்சி சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஜன்னலோரத்தில் நிறுத்தினார்.

"சீனியம்மா, இந்த வாரப் புதுப்படத்துக்குப் பாப்பாவக் கூட்டிட்டு நீ போலாம். சரம்" என்றார்.

இப்போது ஒரு படத்துக்குக் கிளம்பும் முன் செல்போனில் பத்துப் பேர் எழுதியதைப் படிக்கிறேன். நன்றாகத்தான் எழுதுகிறார்கள், நட்சத்திரமெல்லாம் போடுகிறார்கள். படத்தைப் பற்றி எல்லாம் சொல்கிறார்கள். படிக்கிற எனக்கு அது ஆகுமா என்று ஒருவரும் சொல்வதில்லை. அதற்கு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணாச்சி பார்த்திருந்தார்.