அச்சங்குளம் வாசலில் தங்கள் லான்சர்

விருதுநகர்,
9.9.2009

மதிப்பிற்குரிய மைத்துனர் ராஜபாண்டியன் அவர்களுக்கு, சண்முகவேல் எழுதுவது. இங்கே நானும் தங்கள் அக்கா சொர்ணலட்சுமியும் மகள் அனுப்பிரியாவும் உடலளவில் நலம். சிங்கப்பூரில் தாங்களும் உடலளவில் நலமாயிருக்க வேண்டுகிறேன். மனத்தளவில் நலமாயிருக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இல்லை. வழக்கமாக 'மாப்பிள' என்று எழுதுகிறவன் 'தாங்கள்' என்று எழுதுவதிலிருந்தே நிலைமை விளங்கியிருக்கும்.

"அத்தான், நல்ல ஆளாப் பாத்து இதத் தள்ளிவிட்ருங்க" என்று சொல்லித் தங்கள் லான்சர் காரின் சாவியை என் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறினீர்கள். ஜப்பானியர் அதை ஒழுங்கான காராகத்தான் செய்திருப்பார்கள். தாங்கள் அதன் வயிற்றைத் தரையோடு இறக்கி, முதுகில் இஸ்திரி மேசை போன்ற ஒன்றைப் பூட்டி, கால் எடுத்தால் தீக் கக்கும் புகைக்குழாயை மாட்டி, டிக்கியில் நீலச் சிலிண்டரையும் ஏற்றியிருக்கிறீர்கள். ஸ்டியரிங் பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலுள்ள வாயு எஞ்சினுக்குள் பாய்ந்து வண்டி பறக்குமாம். பொருளாதாரத்தில் முதுகலை படித்து, திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் நடத்தும் நான் அதைத் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

வாங்க முன்வந்தவர் ஒரே ஒருவர்: அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை நடத்தும் ஜெயச்சந்திரன். அனுப்பிரியாவை அவர் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பது தாய்மாமனாகிய தாங்கள் அறிந்ததே. "சீசன் நேரம், நகர முடியல. வண்டியக் கம்பெனிக்கே கொண்டாந்துருங்க" என்றார். திங்கட்கிழமை புறப்பட்டேன். சூலக்கரையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே வேகத்தடையில் வண்டி வயிறு தட்டி, சக்கரங்கள் சுற்றியும் நகராமல் நின்றது. மனுக் கொடுக்க வந்த சனங்கள் மனுக்களை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினார்கள். "உள்ள இருக்கிறவுக எறங்குனா இன்னும் லேசா இருக்கும்லா" என்றாள் ஒரு பெண். இறங்கத்தான் நானும் முயன்றேன். இரு தோளையும் குறுக்காகக் கட்டும் தங்கள் பெல்ட்டை எப்படிக் கழற்றுவதென்று தாங்கள் சொல்லவில்லை. என்னோடு சேர்த்தே தூக்கினார்கள்.

அந்தக் கட்டோடுதான் ஆலை வாசலை அடைந்தேன். காவலாளி நாகையா வழக்கப்படி, "தீப்பெட்டி, பீடி, செல்லு எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க" என்றார். செல்லைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுபட்டது. டமார் என்றது, பின்னால் ஒரு முழத்துக்குத் தீ.

"அய்யா, பையில உள்ளதத்தான் கேட்டேன். வண்டி வயித்துக்குள்ள இம்புட்டு வச்சிருக்கீகளே!" என்றார் நாகையா.

அதற்குள் ஷெட்டுகள் அத்தனையும் காலி. பெண்கள் வெறுங்காலோடு கண்மாய்க்கரையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். வெடித்தது காரின் புகைக்குழாய்தான் என்று தெரிந்த பின்னும் ஒருத்தியும் திரும்பவில்லை; வெடிச் சத்தம் கேட்ட அன்று மறுபடி வேலைக்கு உட்கார்வதில்லையாம். வள்ளித்தாய் என்ற அம்மாள் மட்டும் காருக்கு அருகே வந்து, "பாதி நாள் லீவு கெடச்சுது. நாளைக்கும் வருவீகளா அய்யா?" என்று கேட்டாள். ஜெயச்சந்திரன் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்மாய்க்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அன்றிலிருந்து அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. தங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை. தங்கள் குழாய் கக்கிய ஒரு முழத் தீயில் தங்கள் மருமகளின் கல்யாணம் கருகிவிட்டதென்றே கருதுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்க ஆள் வராவிட்டால், அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவேன்.

தங்களுக்கு ஆயுளும் செல்வமும் பெருகட்டும். புத்தியும் ஓரளவு பெருக வாழ்த்தும்,
சண்முகவேல்

பி.கு.: மாப்பிள, உறையை ஒட்டும் நேரத்தில் ஜெயச்சந்திரன் மகனோடு வந்து இறங்கினார். ஓடிய பெண்களை ஊர் ஊராகப் போய்க் கூட்டிவந்ததில்தான் இந்த இரண்டு நாளும் போயிற்றாம். "தீப்பிடிச்சா எப்பிடி ஓடணும்னு மாசாமாசம் ஒத்திகை வைக்கேன், ஒருத்தியும் ஓடமாட்டா. சங்கு ஊதுனா தலைய வாரிக்கிட்டு வருவாளுக. உங்க வண்டிக்குத்தான்யா ஒழுங்கா ஓடுனாளுக! மாசம் ஒருக்க வந்து வெடிச்சிட்டுப் போங்க, சம்பந்தி" என்றார். ஆம், சம்பந்தி என்றார். தை மாதம் கல்யாணம். ஆகவே வண்டி விற்பனைக்கு இல்லை, ஆள் அனுப்பாதே. பேச்சு முடிந்ததும் நானும் சம்பந்தியும் புது நான்குவழிச் சாலையில் சாத்தூர் வரை போய் வந்தோம். பொத்தானை முதலில் அழுத்தியது யார் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அது கிடக்கட்டும். நீலச் சிலிண்டர் காலி. எங்கே நிரப்புவது என்று உடனே எழுது.