முதல் ஆல்பத்தின் துடிப்பு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வேலையும் செய்வதில்லை என்று மனசுக்குள் சபதம் எடுத்தேன். வெளியே சொல்லித் தாக்குப்பிடிக்கிற தெம்பு எனக்கில்லை.

வாரம் ஆறு நாள் லிஃப்ட் ரிப்பேர். ஊரையே மேலே ஏற்றிவிட்டு, நான் மட்டும் அடிக்குழியில் கிரீஸ் துடைக்கிறவன். ஏழாம் நாள் வீட்டுக்காரியின் கணக்கு. பரண், ஜன்னல் கம்பி என்று ஏதாவது ஒன்று எனக்காகவே தூசி படிந்து காத்திருக்கும்.

தப்பிக்க ஒரே வழி, அவளையும் பக்கத்தில் உட்காரவைப்பது. சிந்த்-பாப் என்கிற மின்னிசைக் குழுக்களின் ஆரம்பகால இசைத்தட்டுகள் என்றால் எனக்குப் பைத்தியம். கிட்டார் கிடையாது. ரெண்டு மூணு ஒல்லிப் பையன்கள், ஒரு சிந்தசைசர், ஒரு தாள மெஷின், அவ்வளவுதான். அந்த ருசியை அவளுக்கும் ஏற்றிவிட்டால் பரணாவது ஒன்றாவது.

மதியம் பதமாக ஆரம்பித்தேன். "இன்னிக்கு உக்காந்து பழைய ஆல்பம் ரசிக்கலாமா?"

அவள் முகம் மலர்ந்த வேகத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது இல்லை என்று விளக்கித் தட்டைச் சுழலவிட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்மூடிக் கேட்டாள். பிற்பாடு வந்த ஆல்பங்கள் எப்படி என்று விசாரித்தாள். நான் உருகிப்போய்ப் பிரசங்கத்தில் இறங்கினேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உயிரைக் கொடுப்பார்கள். பேர் வந்ததும் தொப்பை வந்துவிடும், ஏனோதானோவென்று வாசிப்பார்கள் என்றேன்.

"அப்ப முதல் ஆல்பம்தான் அசல்ங்கறீங்க?"

"அதுல என்ன சந்தேகம்?"

"பின்னாடி வந்ததெல்லாம்?"

"வெறும் ஒப்பேத்தல்."

அவள் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து என் மடியில் வைத்தாள். முதல் வருஷப் படங்கள். வாடகை வீட்டில் ஒல்லியாக ஒருவன் ஸ்டூல் மேல் நின்று மின்விசிறி துடைக்கிறான். அடுத்ததில் துணி மடிக்கிறான். அதற்கடுத்ததில் பாத்திரம் தேய்க்கிறான். எல்லாவற்றிலும் சிரிப்பு வேறு. யாரடா இந்த அப்பாவி என்று பார்த்தால், நான்.

"என்ன துடிப்பு பாருங்க," என்றாள் நிதானமாக. "எனக்கும் ஆரம்பகாலந்தாங்க பிடிக்கும்."

ஆல்பத்தை மூடினேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தட்டின் மறுபக்கத்தைப் போட்டாள். நான் முதல் குக்கரைத் தேய்த்து முடிப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் தாளத்தோட தேயுங்க. பாட்டு கெடுது."