தட்டு மாற்றப் போனேன்

எனக்கு இந்தி தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரியாத பாஷையில் நூற்றுப் பதினான்கு கிராமபோன் இசைத்தட்டுகளைச் சேர்த்து, பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் உறை தைத்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்த மனிதன் நான். அத்தனையும் பழைய இந்தி சினிமாப் பாட்டுகள். அதில் ஒரு பாட்டில் கதாநாயகி உருகி உருகிப் பாடுவாள். காதலனை நினைத்துத்தான் என்று நானும் பத்து வருஷம் கூடவே உருகினேன். வடக்கே வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் கேட்டுவிட்டு, அது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பாட்டு என்றார். (அதற்குப் பிறகும் உருகினேன். பழகிவிட்டது.)

தென்காசியில் நான் பூகோள வாத்தியார். என்னைப் போல ஊரில் இன்னும் மூன்று பைத்தியங்கள் இருந்தன. 'இசைத்தட்டு' என்று முழுதாகச் சொல்ல எங்களுக்குப் பொறுமை கிடையாது; வெறும் தட்டுதான். கேட்டு அலுத்ததை ஒருவர் கொடுத்து, மற்றவரிடம் இருப்பதை வாங்கிக்கொள்வோம். இதற்குப் பெயர் தட்டு மாற்றுவது. பஸ் ஸ்டாண்டில் மாற்றினோம், கோயில் வாசலில் மாற்றினோம், பள்ளிக்கூட வராந்தாவில் மாற்றினோம். அந்த வார்த்தைக்கு ஊர் உலகத்தில் வேறு அர்த்தம் உண்டு என்பது, கல்யாணமாகிப் பதினேழு வயதில் பெண்ணும் இருக்கிற மனிதனுக்கு எப்படி மறந்தது? என் மனைவி சிவகாமி இன்றுவரை கேட்கும் கேள்வி இது.

பெண்ணின் பெயர் உலகம்மை. அந்த அறுபத்திரண்டாம் வருஷம் பி.யு.சி. தேறியிருந்தாள். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர இடமும் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்கள் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டியதில்லை. "படிச்சது போதும், முடிச்சு விட்டுருங்க" என்று சொல்லாத உறவுக்காரர் கிடையாது. இரண்டு மாதம் சண்டை போட்டு, ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து, கடைசியில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. புதன்கிழமை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும்.

இந்த நிலையில்தான் நான் தேடிக்கொண்டிருந்த வேறொரு பாட்டின் மிச்சம் கிடைக்கும் போலத் தெரிந்தது.

அது நீளப் பாட்டு. ஒரு தட்டின் இரண்டு பக்கத்தில் அடங்காமல் இரண்டு தட்டில் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு பாகம் என்னிடம் இருந்தது. மூன்றும் நான்கும் இருந்த தட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. நாலு வருஷமாக என் வீட்டில் அந்தப் பாட்டு ஒரு பெருமூச்சின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

ஆனி மாதம், குற்றாலம் மெயின் அருவி. உடம்பெல்லாம் எண்ணெயோடு கூட்டத்தில் நிற்கிறேன். பக்கத்தில் அதே எண்ணெய்க் கோலத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணாச்சி, நீங்க பாடுதது மூணாவது பாகம்லா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாத பாகமா இருக்கு. அதான் தெரியுது."

அவர் பெயர் ஆவுடையப்பன். இருபது வருஷம் பம்பாயில் மில் ஆபீஸில் இருந்துவிட்டு, ஐந்தருவிப் பாதையில் வீடு கட்டிக் குடிவந்தவர். அந்தத் தட்டு அவரிடம் இருந்தது. பேசிக்கொண்டே அருவிக்குக் கீழே போய்விட்டோம். ஊர் விசாரித்தார், குலத்தில் எந்தக் கிளை என்று விசாரித்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு பெண், பி.யு.சி. முடித்திருக்கிறாள் என்றேன். பையன் மதுரையில் பேங்கில் இருப்பதாகச் சொன்னார். "அப்ப நாம மாமன் மச்சான் முறைல்லா வருது, சார்வாள்" என்றார். நான் அதைக் காதில் வாங்காமல், அருவி இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினேன்:

"நாம தட்டு மாத்திக்கிடுவமா, அண்ணாச்சி?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கை, வழுக்கியது. திரும்பவும் பிடித்துக்கொண்டார். "வீட்டுல கலந்துக்கிட்டு ஒரு கார்டு போடுங்க" என்றார். நல்ல ரசிகர், தட்டு மாற்றக்கூட மனைவியைக் கேட்பார் போல என்று எண்ணிக்கொண்டேன்.

கார்டு எழுதினேன். எழுதியதை அடுக்களைப் பலகையில் வைத்துவிட்டுப் பேனாவை மூடத் திரும்பினேன். மஞ்சள் இடித்துக்கொண்டிருந்த சிவகாமி அதை எடுத்து விலாசத்தைப் பார்த்தாள். "இது யாருக்கு எழுதுதீய?"

"தட்டு மாத்த."

"எப்பப் பாத்தாலும் தட்டு" என்று நீட்டினாள். இரண்டு மூலையில் அவள் விரல் மஞ்சள். வாங்கிய இடத்தில் என் விரல் மூன்றாவது மூலையிலும் பட்டது. துடைக்கப் பார்த்தேன், பரவிற்று. அப்படியே தபாலில் போட்டேன். (நான்காவது மூலை மஞ்சள் தபாலில் உதிர்ந்திருக்கும் என்று அவர்கள் தீர்மானித்ததாகப் பின்னால் தெரிந்தது.)

ஞாயிற்றுக்கிழமை உலகம்மையும் கூட வந்தாள். ஹாஸ்டலுக்குப் போகுமுன் ஒருதரம் அருவியில் குளிக்க வேண்டுமாம். எனக்கும் பஸ்ஸில் தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. "ஒரு வீட்டுக்குக் கைய வீசிட்டா போவாக" என்று சிவகாமி ஒரு சீப்புப் பழமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தனுப்பி, பெண் தலையில் ஒரு முழம் பிச்சிப்பூவும் வைத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் பெரிய கோலம். அதைச் சுற்றி முப்பது ஜோடி செருப்பு. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. குற்றாலத்தில் பழைய இந்திப் பாட்டுக்கு இத்தனை ரசிகர்களா?

"வாங்க மச்சான்" என்று ஆவுடையப்பன் கட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து நாலைந்து பெண்கள் வந்து, உலகம்மையைக் கன்னம் வழித்துத் திருஷ்டி கழித்து அழைத்துப்போனார்கள். கூடத்து ஜமுக்காளத்தில் பழம், வெற்றிலை, பட்டுப்புடவை என்று வரிசையாகத் தட்டுகள். ஏதோ பூஜை முடிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"எங்க அண்ணாச்சி தட்டு?" என்றேன், அவசரமாக.

"ஏழு வச்சிருக்கோம் மச்சான்."

"ஏழா? நான் ஒண்ணுதான் கொண்டாந்தேன். ஒண்ணுக்கு ஒண்ணுன்னுல்லா நெனச்சேன்."

"அதெல்லாம் நாங்க பாக்கிறதில்ல" என்றார் அவர் மனைவி. "ஒண்ணுன்னாலும் உங்க மனசு பெரிசு, அண்ணாச்சி."

அப்போது பண்பொழியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். ஆவுடையப்பனுக்குப் பெரியப்பா. "சபைக்கு ஒருதரம் வாசிச்சிருவோம்" என்று கண்ணாடியை மாட்டி என் கார்டை எடுத்தார்.

"'அருவிக்கரையில் பேசியபடி ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.' பாத்தியளா, எமகண்டத்துக்கு முன்னால முடிக்கணும்ங்கத எப்படிச் சூசகமா எழுதியிருக்காரு. படிச்சவருல்லா."

(பன்னிரண்டுக்குப் பிறகு பஸ்ஸில் இடம் கிடைக்காது என்பதற்காக எழுதியது.)

"'எங்களுடையது நிறம் கறுப்பு. ஆனால் நல்ல பளபளப்பு, சன்னக் குரல்.' உண்மைய மறைக்காம எழுதுதாரு. 'இதுவரை எங்கும் வெளியே அனுப்பியதில்லை. பெட்டியிலேயே வைத்துப் பாதுகாத்தேன்.'"

"பெட்டிலயா?" என்றது ஒரு குரல்.

"பொத்திப் பொத்தி வளத்ததத்தான் அப்படி எழுதுதாரு. பேசாம கேளுவே. 'விளிம்பில் மட்டும் ஒரு சின்னச் சில்லு போயிருக்கிறது. பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை.'"

"பல்லைச் சொல்லுதாரு போல" என்றார் ஆவுடையப்பன் மனைவி. "நான் இப்பப் பாத்தேன். எல்லாம் வரிசையாத்தான இருக்கு."

"'இரண்டு பக்கமும் திருப்தி என்றால் அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.'" பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படி இன்னைக்கே விட்டுட்டுப் போவாரு? கல்யாணம் வேண்டாமா?"

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. மூலையில் புதுச் சட்டையில் ஒரு பையன் குனிந்து உட்கார்ந்திருந்தான். மதுரை பேங்க். உள்வாசலில் உலகம்மை நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. நான் செய்துகொடுத்த சத்தியம் என் கையெழுத்திலேயே சபையில் ரத்தாகிக்கொண்டிருந்தது.

உடனே மறுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஆவுடையப்பன் பட்டுப்புடவைத் தட்டை என் முன் நீட்டினார். புடவையின் மேல் குங்குமப் பொட்டோடு அந்த இசைத்தட்டு. மூன்றாம் பாகம், நான்காம் பாகம். "நீங்க ஆசப்பட்டது" என்றார்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் கை நீண்டது. எடுத்துவிட்டேன்.

"அப்பா, அதைக் கீழ வைங்க."

உலகம்மை கூடத்துக்கு நடுவில் வந்து, எங்கள் பெட்டியைத் திறந்து, தட்டை எடுத்துச் சபைக்குக் காட்டினாள். "மாமா, கறுப்பு, பளபளப்பு, விளிம்புல சில்லு, எல்லாம் இதுதான். எங்கப்பா எழுதுனது என்னையப் பத்தி இல்ல. எனக்கு புதன்கிழமை காலேஜ்."

பெரியவர் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, கார்டு தப்பு. ஆளு தப்பில்லையே? பொண்ணு வந்திருக்கு, பையன் வந்திருக்கான், பழமும் பூவும் இருக்கு, முறையும் இருக்கு. பன்னெண்டு அடிக்க இன்னும் அரை மணி கெடக்கு. மாத்திட்டுப் போவோம். காலேஜு எங்க ஓடிப்போவுது?"

"அதான" என்று நாலு குரல். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். உலகம்மையும் பார்த்தாள். அவள் பார்த்ததுதான் தாங்கவில்லை.

எழுந்து நின்றேன். "பெரியவங்க மன்னிக்கணும். எம்பொண்ணு படிக்கணும்" என்று சொல்லி, சபையை நோக்கி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

கையில் தட்டு இருந்தது நினைவில்லை.

கருங்கல் தரை. அந்தக் காலத்து அரக்குத் தட்டு. ஐந்து துண்டு.

பெரியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "தட்டு உடைஞ்சிட்டு. இனி இந்தச் சம்பந்தம் ஆகாது. எந்திரிங்க எல்லாரும்." முப்பது ஜோடி செருப்பும் வாசலில் தேடப்பட்டன. ஆவுடையப்பன் மட்டும் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாற்றாக எங்கள் தட்டை நீட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்றும் அருவிக்கரையில் என்னைக் கண்டால் பாடிக்கொண்டிருப்பதைச் சட்டென்று நிறுத்திவிடுவார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

உலகம்மை புதன்கிழமை ஹாஸ்டலுக்குப் போனாள். பி.எஸ்ஸி. முடித்து, பி.டி.யும் முடித்து, இப்போது சங்கரன்கோவிலில் சயன்ஸ் டீச்சர். அந்தத் தட்டை வேண்டுமென்றேதான் போட்டேன் என்று நான் வீட்டில் ஆறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். "இவுகளா? வீடு இடிஞ்சாலும் தட்ட விடமாட்டாக" என்பாள் சிவகாமி. அடுக்களையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் போதும், "யாரு கல்யாணம் நின்னுது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

போன மாதம் உலகம்மைக்கு நிச்சயதார்த்தம். அவளே சம்மதித்த இடம். "பொண்ணுக்கு அப்பா வாங்க, தட்டை வாங்கிக்கிடுங்க" என்று கூப்பிட்டார்கள். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். உள்ளேயிருந்து கல்யாணப்பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா வேண்டாம், மாமா வாங்கட்டும். அப்பா கும்பிட்டா போதும்."

மாப்பிள்ளை வீட்டாருக்குக் காரணம் சொல்லப்பட்டது. சிரித்து முடிக்கக் கால் மணி நேரமாயிற்று. என் மைத்துனன் தட்டை வாங்கினான். நான் ஓரமாகக் கும்பிட்டபடி நின்றேன். சிவகாமி பக்கத்தில் வந்து, என் கை இரண்டையும் பிரித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போனாள்.