மேளமும் எள்ளுச்சோறும்

"கா... கா..." என்று பல்கனியில் நின்று கத்திக் கத்திச் சிவராசாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. புரட்டாதிச் சனி விரதம். காகம் ஒரு வாய் எள்ளுச்சோறு தின்னாமல் அவர் சாப்பிடக்கூடாது. மணி இரண்டு.

"மொன்றியல் காகத்துக்குத் தமிழ் விளங்காதாக்கும். பிரெஞ்சிலை கூப்பிட்டுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி நல்லம்மா.

கடைசியில் ஒன்று வந்தது. தின்றது. சிவராசாவும் தின்றார்.

அடுத்த சனி அது இருபது சொந்தக்காரரைக் கூட்டிவந்தது. மூன்றாம் சனி, சென்ட் லோரன்ட் பகுதிக் காகமெல்லாம் அந்தப் பல்கனியில்தான்.

கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் றெனோல்ட் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய் மேளம் அடித்தார். அவர் தினமும் அடிப்பதுதான். இன்றைக்கு அடி பலமாக விழுந்தது.

"உது கோவத்திலை அடிக்கிற அடி," என்றாள் நல்லம்மா. "எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போறார். பக்கத்துத் தெருப் பிள்ளை பராமரிக்கிற கார்டரியிலை இடம் எடுக்க ரண்டு வருசம் காத்திருந்தனாங்கள். வீடு மாறினா அதுவும் போச்சு. காகத்தைக் கலையுங்கோப்பா!"

சிவராசா ஒரு பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கிவந்து கம்பியில் கட்டினார். காகங்கள் பயப்படவில்லை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆள் அனுப்பி, படை திரட்டி வந்து ஆந்தையைக் கொத்தின.

"சோத்தை நிப்பாட்டுவம்," என்றாள் நல்லம்மா.

"இன்னும் ஒரு சனிதானே கிடக்கு. கடைசி நேரத்திலை சனீஸ்வரனோடை கொழுவச் சொல்லுறியே?"

அந்தக் கடைசிச் சனிக்குச் சோற்றைப் பின்சந்துக்குக் கொண்டுபோய் வைத்தார். காகங்கள் அங்கே தின்றுவிட்டு றெனோல்டின் காரில் ஏறி இளைப்பாறின. கறுப்புக் கார் வெள்ளையாகிவிட்டது.

சற்று நேரத்தில், தொப்பியில் இறகு குத்திய ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, ஏதோ காய்ந்த இலையைக் கொளுத்தி அந்தக் காரைச் சுற்றிப் புகை காட்டினாள்.

"ஐயோ, எங்களைத் துரத்தத்தான் கழிப்புக் கழிக்கினம்!" என்றாள் நல்லம்மா.

கதவுக்கடியில் ஒரு காகிதத் துண்டு வந்து கிடந்தது. 'காகங்களைப் பற்றிக் கதைக்கவேண்டும். ஐந்து மணிக்கு வருகிறேன். றெனோல்ட்.'

சரியாக ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் மேளம், கழுத்தில் இறகு மாலை. சிவராசா அவரை வாய் திறக்க விடவில்லை.

"மன்னியுங்கோ மிசியே! காரைக் கழுவித் தாறன். ஆந்தையைக் கழட்டுறன். இனிமேல் ஒரு காகம் வராது. எங்களை மட்டும் எழுப்பிப்போடாதேங்கோ..."

"வராதோ?" றெனோல்டின் கண் கலங்கியது. சிவராசாவின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"மிசியே சிவா, அந்த அம்மா ஆவியளோடை கதைச்சு வைத்தியம் பாக்கிற ஷாமன், காகம்தான் என்ரை காவல் ஆவி, அது வந்தால்தான் மனநோய் மாறும் எண்டு அவ சொல்லி, எட்டு மாசமா மேளம் அடிச்சுக் கூப்பிடுறன், ஒரு குஞ்சுகூட வரேல்லை... உந்தச் சோத்துக்கை அப்பிடி என்னதான் போடுறியள்?"