இருந்துபார் அண்ணையின் மோர்த் தவறணை

கிளிநொச்சியில் இருந்துபார் அண்ணை இருந்து பார்க்காத கதிரை ஒன்று உண்டென்றால், அது இன்னும் மரமாகக் காட்டில் நிற்கிறது.

படம் கீறுவது அவர் தொழில். "இருந்து பாத்தாத்தான் கீறலாம். இல்லாததைக் கீறமாட்டன்" என்பார். கிணறு கீறக் கிணற்றுக்குள் இறங்கினார். ஏற்றுவதற்குள் ஊரே கூடிவிட்டது. சவப்பெட்டி கீறக் கடைக்குப் போய்ப் படுத்துப் பார்த்தார். பெட்டி வாங்க வந்தவருக்கு உள்ளேயிருந்து, "தோள்மூட்டு இடிக்குது, பெரிசாப் பாருங்கோ" என்று சத்தம் வந்ததாம். அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தில் துணுக்காயில் போய்த்தான் நின்றார்.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த சம்பந்தமெல்லாம் குழம்பியது. கடைசியாக உடையார்கட்டில் ஒன்று. அந்தப் பெண்ணை வற்றாப்பளைக் கோயிலில் கண்டதிலிருந்து அண்ணை கீறிய மாடுகள்கூட அவா மாதிரிச் சிரித்தன.

"இதுவும் குழம்பினால் நான் கலியாணமே கட்டமாட்டன்ரா" என்றார், கூடமாட உதவிக்கு நிற்கும் என்னிடம்.

அந்த நேரம் பார்த்து, கனடாவிலிருந்து ஒரு சித்திரக்கதைக்கு வேலை வந்தது. பழைய காலத்துக் கள்ளுத் தவறணையின் உட்புறம் வேண்டுமாம். இப்போதைய தவறணைகளில் பிளாஸ்டிக் கதிரைதான். அதனால் தன் வீட்டு விறாந்தையையே தவறணையாக்கினார். சுவரெல்லாம் பின்னிய தென்னோலைக் கிடுகு. இருக்க நீட்டு வாங்கு. மூலையில் மண் முட்டிகள். குடிக்கப் பனையோலைப் பிளா. கிடுகில் ஓட்டை போட்டு, வாங்கின்மேல் ஒரு துண்டு வெயிலை விழுத்தினார். முட்டிகளில் மோர்.

"வெறும் முட்டியைத் தூக்கினால் பாரம் தெரியாதடா."

குடித்து விழுந்து கிடக்கும் வெறிகாரனுக்கு மாதிரி நான். வாங்குக்குக் கீழே சீமெந்தில் படுக்கவைத்தார்.

"அண்ணை, தலைக்கு ஒரு தலையணை?"

"தவறணையில எங்கையடா தலையணை? வாயைப் பிளந்துகொண்டு கிட!"

பின்னேரம் வருவதாகச் சொன்ன பெண் வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். தாய் பக்கத்து வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நின்றுவிட, தகப்பன் நேரே உள்ளே வந்தார். அண்ணைக்கோ எனக்கோ அவரை முன்பின் தெரியாது. மூலையில் இருக்க ஒரு வயதானவரைச் சொல்லி வைத்திருந்தோம். இவர்தான் அவர் என்று நினைத்து, கிடந்தபடியே கூப்பிட்டேன்.

"வாங்கோ ஐயா, அந்த மூலையில இருங்கோ. ஒரு பிளா எடுங்கோ."

மனிதர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இருந்தார். எடுத்தார். ஒரே இழுவை.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உலகமே மோசம் செய்துவிட்ட முகம்.

"அசையாதேங்கோ! இந்த முகம்தான்!" என்று கத்திய அண்ணை கீறத் தொடங்கினார்.

அப்போது வாசலில் தாய்.

"என்னப்பா இது! அம்மாளாச்சி மேல சத்தியம் பண்ணிக் குடியை விட்ட மனிசனெல்லோ நீங்கள்!"

"மோரப்பா! சத்தியமா மோர்!"

வந்திருப்பது யாரென்று அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. பென்சில் கையிலிருந்து விழுந்தது. அந்த அம்மா பிளாவைப் பறித்து மணந்து பார்த்தார். குடித்தார். ஒவ்வொரு முட்டியாகத் திறந்து பார்த்தார்.

"தம்பி, உங்கட தவறணையில மோரோ?"

"ஓம் மாமி... கள்ளு வாடைக்கே எனக்குத் தும்மல் வரும்."

அம்மா புருஷனைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு நாள் வைப்பம். இவரையும் இடைக்கிடை இஞ்ச கொண்டந்து விடுறன்."

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. மூலையில் மாமா, இன்னும் அதே ஏமாற்றத்தோடு. வாங்குக்குக் கீழே நான், பிளந்த வாயோடு. இல்லாததைக் கீறவே மாட்டேன் என்ற மனிதர், என் தலைக்குக் கீழே ஒரு தலையணை கீறியிருக்கிறார்.